கோபுரத்துக்கு மேலே மூன்று அடி

எங்கள் கரட்டுப்புதூர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆகாயத்திலிருந்து பூத் தூவ வேண்டுமென்று தலைவர் ராக்கியப்பனுக்கு ஆசை வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஹெலிகாப்டர் வந்ததாம், நாம் மட்டும் இளைத்தவர்களா? ஆள் அனுப்பியதும் சேனாபதி வந்து உட்கார்ந்தார். ஒரு மில் முதலாளியின் இரண்டு சீட்டு விமானத்தை ஓட்டுகிறவர். கூரைக்குக் கீழேயும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை.

கலசத்துக்குப் பக்கத்தில், சாரத்தின் உச்சியில் தீர்த்தக் குடத்தோடு நிற்கப் போகிறவன் நான். அதனால் முதல் கேள்வியை நானே கேட்டேன். "எவ்வளவு உசரத்துல பறப்பீங்க?"

"உசரத்துல எவன் வேணும்னாலும் ஓட்டுவானுங்க. கீழ ஓட்டறதுலதான் வித்தையே இருக்குது. போன மாசம் தாராபுரம் ரோட்டு மேல அப்படியே வந்தேன். டவுன் பஸ் கண்டக்டரு ஜன்னல் வழியா எட்டி எனக்கு டிக்கெட் கிழிச்சுட்டான்!"

"எந்த ஸ்டாப்புக்கு?" என்றார் தலைவர். மனுஷன் நம்பியே விட்டார்.

"அதை விடுங்க. ஒரு மொட்டை மாடியில வடகம் காயுது, காக்கா மொய்க்குது. ரெக்கையால ஒரு வீசு வீசி விரட்டிட்டேன். அந்தம்மா சும்மா விடுவாங்களா? ரெண்டாவது சுத்துல ஒரு டம்ளர் மோர் நீட்டுனாங்க. மூணாவது சுத்துல காலி டம்ளரைக் குடுத்துட்டேன்."

"வழியில கரண்டுக் கம்பி இருக்குமே?" என்றேன்.

"கம்பிக்கு மேல போறவன் பயந்தாங்கொள்ளிங்க. நான் கம்பிக்குக் கீழ, எருமைக்கு மேல போவேன். எருமை அசை போடறதைக்கூட நிறுத்தாது. காத்தாலை ரெக்கை சுத்தும்போதே நடுவுல பூந்து வந்திருக்கேன். அந்த வேகத்துல ரெண்டு ஊருக்கு எச்சா கரண்டு வந்துச்சு."

சாரத்தில் நின்றால் என் தலை கோபுரத்துக்கு மேலே மூன்று அடி இருக்கும். இந்த ஆளின் கணக்கில் அது போக்குவரத்துப் பாதை.

"பூவை எப்படிங்க போடுவீங்க?"

"போடறதா? ஒவ்வொரு பொம்பளை கொண்டையிலயும் செருகிட்டே போவேன்."

எங்கள் காதில் அப்போதே செருகியாகிவிட்டது.

தலைவருக்கு ஒரே ஒரு கவலைதான். மேலே கருடன் வட்டமிட்ட பிறகுதான் எங்கள் ஊரில் தீர்த்தம் ஊற்றுவார்கள். "நீங்க அங்க சுத்துனா கருடன் எப்படிங்க வரும்?"

"கருடன் எதுக்குங்க? ஆகாசத்துல இருந்து எறங்கறது எப்படின்னு கருடனே எங்கிட்டத்தான் கத்துக்கணும்!"

தலைவர் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். அதைக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, என் கதையும் முடிந்தது. எங்களோடு உட்கார்ந்திருந்த தோப்புக்கார நாச்சம்மாள் தட்டின் மேல் கையை வைத்தார்.

"கருடன் தானா எறங்குமுங்க. இந்தத் தம்பியைப் போன வெள்ளிக்கிழமை எங்க தென்னை உச்சியில இருந்து நாலு ஆளு கயிறு கட்டி எறக்குனோம். விமானத்து ரெக்கை இன்னும் மரத்துலதான் தொங்குது."

தலைவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சேனாபதி அப்போதும் அசரவில்லை.

"அது எளநி குடிக்க நிறுத்துனதுங்க."

"அப்படியா கண்ணு?" என்றார் நாச்சம்மாள். "அப்ப மேல இருந்து 'அக்கா, காப்பாத்துங்க'ன்னு கத்துனது எளநியா?"