கொற்றி சொன்ன ஒரு சொல்

மேகத்தில் இடிக்கிற உயரத்துக்குக் கோபுரம் வேண்டும் என்று ஒரு ராஜாவுக்கு ஆசை வந்த காலம். கேளுங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

மண்ணைக் கொட்டிச் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். அதன் மேல் நாற்பது பேர் கயிறு பிடித்துக் கல்லை இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு, கல் பின்னால் உருண்டுவிடாமல் ஊர்ந்துபோய்க் கட்டை வைக்க ஓர் ஆள். அந்த ஆள் கொற்றி. பதவி கிடையாது, பிரம்பு கிடையாது. பிரம்பு கண்காணி வில்லவன் கையில்.

"கயிறு நைஞ்சிருக்கு, தொடாதீங்க" என்றாள் ஒரு நாள். வெறும் மரத்தைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அறுந்தது. "உச்சி வெயில்ல வேண்டாம்" என்றாள் இன்னொரு நாள். கேட்காத இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். மூன்றாம் முறை கல்லே பின்வாங்கியது. எல்லோரும் ஓட, அவள் கட்டையை விடவில்லை. இரண்டு விரல் போயிற்று.

அதன் பிறகு வில்லவன் கத்தினால் காக்கைதான் பறக்கும். கொற்றி "ம்" என்றால் கயிறு விறைக்கும்.

ஐப்பசி மழையில் பாதை சேறானது. "நாலு நாள் காயட்டும்" என்றாள். பௌர்ணமிக்குள் கல்லை ஏற்றுவதாக ராஜாவிடம் வாக்குக் கொடுத்திருந்த வில்லவன் குதித்தான், திட்டினான், அடித்தான். ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை.

பிறகு குழைந்து வந்தான். "வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு உனக்கு. இனி ஊர்ந்து போகவேண்டாம், நின்னு பார்க்கலாம். ஒரே ஒரு சொல் சொல்லு, தாயே."

"என் தம்பி எயினனுக்கும் ஒரு வேலை?"

"உன் இடத்துல எயினனே கட்டை வைக்கட்டுமே! இரட்டைக் கூலி."

விற்கக் கூடாததற்கு வருகிற விலை எப்போதும் நல்ல விலையாகத்தான் தெரியும். பாவி, சரி என்றாள்.

"இழுங்க, பயமில்லை."

யாரும் பாதையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள், இழுத்தார்கள். கட்டை சேற்றில் வழுக்கியது. எயினனுக்குக் கத்தக்கூட நேரமில்லை. கயிற்றில் சிக்கிய ஆறு பேரும் அவனோடு போனார்கள்.

பாதை காய்ந்தது. புதுக் கயிறு வந்தது. கொற்றி பிரம்பை வீசிவிட்டு மறுபடி கல்லுக்குப் பின்னால் குந்தினாள். "வாங்க, இப்ப இழுக்கலாம்." உண்மையைத்தான் சொன்னாள். மூன்று முறை கூப்பிட்டாள்.

செத்தவன் ஒருவனின் மனைவி மட்டும் வாய் திறந்தாள். "வில்லவனையே வரச் சொல்லுங்க அக்கா. அவன் பிரம்பாலதான் அடிப்பான்."

நாலு பேர் நம்பிக் கேட்கிற சொல்லைப் பதவிக்காரனுக்கு ஒரே ஒரு முறை வாடகைக்கு விட்டாலும், அது உங்களிடம் திரும்பி வராது.