மறையன் ஏன் குரைக்கவில்லை?

வானம் பார்த்த மேட்டுக்காடு ஒன்றில் ஊராரின் ஆடுகளைப் பட்டி போட்டுக் காத்துவந்தார்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவன் சென்னியப்பன், அவள் பொன்னாத்தாள். காவலுக்கு மறையன் என்றொரு நாய். ஓநாயை மறித்துச் சண்டை போடுகிற நாய் அல்ல அது. குரைத்து ஆளை வரவழைக்கும். அந்தக் குரலை நம்பித்தான் ஊர் நிம்மதியாக இருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண்குழந்தைக்கு எட்டாம் மாதம் வலிப்பு கண்டது. தூக்கத்தில் திடுக்கிட்டால் போதும், கண் செருகிக் கை கால் வெட்டி இழுக்கும். "இன்னும் மூணு மாசத்துக்குத் தூக்கம் கலையாம பாத்துக்க ஆத்தா. தாண்டிட்டா பொழச்சுக்கும்" என்றார் வைத்தியர். மறையனோ நரியைக் கண்டாலும் குரைத்தது, வழிப்போக்கரைக் கண்டாலும் குரைத்தது.

பொன்னாத்தாள் நொச்சி விளாரை எடுத்தாள். குரைக்கும்போதெல்லாம் அடித்தாள், அடித்துவிட்டு அவளே அழுதாள். நாலைந்து நாளில் அவள் தலை தெரிந்தாலே நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கியது. ஆனால் இரண்டு காடு தள்ளியிருந்த கிணற்றுக்கு அவள் போய்விட்டால் பழையபடி குரைக்கும். கிணற்றடிவரை கேட்கும். குடத்தைப் போட்டுவிட்டு, பிள்ளை உயிரோடு இருக்குமா இருக்குமா என்று பதறிக்கொண்டே ஓடிவருவாள்.

"அடிச்சு என்ன புள்ள ஆகப்போவுது? நீ உடு" என்றான் சென்னியப்பன். மடியில் களியுருண்டை வைத்துக்கொண்டான். ஆளோ நரியோ போகையில் மறையன் கண நேரம் சும்மா இருந்தால் ஒரு வாய் களி. போகப்போக, நெடுநேரம் சும்மா இருந்தால்தான் களி. அதையும் சில சமயம் கொடுத்தான், சில சமயம் கொடுக்கவில்லை. வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தும் எறிந்தான். எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று தெரியாமல் நாய் எந்நேரமும் களிக்காகக் காத்திருந்தது.

குழந்தை பிழைத்தது. விளார் அடுப்புக்குப் போனது.

ஒரு நண்பகல். தாய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சென்னியப்பன் மேய்ச்சலுக்குப் போயிருந்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்னாத்தாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். நாயின் குரல் கேட்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பட்டிக்குள் முப்பத்தேழு குட்டிகள் ஓநாய் கடித்துக் கிடந்தன. வாசலில் உட்கார்ந்திருந்த மறையன் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஊர் கூடியது. "நாய் வாயை மூடினது யாரோ, அவங்க ஊரை விட்டுப் போகோணும். இன்னொருத்தர் குழந்தையோட இருந்துக்கலாம்" என்றார் ஊர்த்தலைவர்.

பொன்னாத்தாள் மண்ணில் விழுந்தாள். "நாந்தானுங்க அடிச்சு அடிச்சு ஊமையாக்கினேன். என்னையத் தொரத்துங்க. புள்ள அவங்கப்பன்கிட்ட இருக்கட்டும்." வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை குழந்தையை விடவில்லை.

"அவ இல்லீங்க. களி போட்டுப் பழக்குனவன் நான்" என்றான் சென்னியப்பன்.

பதினாறு குட்டிகளைப் பறிகொடுத்திருந்த இராக்கியண்ணன் கல்லைத் தூக்கினார். "ரெண்டு பேருமில்ல. சோறு போட்ட ஊட்டுக்குத் துரோகம் பண்ணுன இந்த நாயிதான்!"

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: மறையனின் வாயை மூடியது யார்? அடித்தவளா, ஊட்டியவனா, நாயேதானா?

விடை: அடிக்குப் பயந்த நாய், அடிக்கிறவள் கண்ணெதிரே இருக்கும்வரைதான் அடங்கும். அவள் கிணற்றடிக்குப் போனதும் அது குரைத்தது. அன்றும் அவள் கிணற்றடியில்தான் இருந்தாள். விளாரும் எரிந்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஆளில்லாத பட்டியில் அதை ஊமையாக உட்கார வைத்தது களிதான். நாய் துரோகம் செய்யவில்லை, கற்றுக்கொடுத்ததைச் செய்தது. ஆகவே, ஒரு நாளும் கை ஓங்காத சென்னியப்பன்தான். ஊரும் அப்படியே முடிவு செய்தது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பொன்னாத்தாள் யாரையும் கேட்கவில்லை. குழந்தையோடு பின்னாலேயே போனாள். மறையனும் போனது. எல்லையில் அடுத்த ஊர் நாய்கள் சூழ்ந்துகொண்டு குரைத்தன. அது வாய் திறக்கவில்லை. சென்னியப்பனின் மடியைப் பார்த்தபடியே நடந்தது.