வைத்தியர் குனிந்த வீடியோ

“‘ஒரே தடவையில முதுகுவலி பறந்துபோச்சு’ன்னு வீடியோவுல சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!” போனை நீட்டிக்கொண்டு கத்தினார் முதுகெலும்பு வைத்தியர் தயாபரன்.

வரவேற்பு மேசை ஜெசிந்தா அசரவில்லை. “எனக்கு முதுகுவலியே வந்ததில்லையே சார். பொய் விளம்பரம் போட்டா உரிமம் போயிடும்னு உங்க சங்கமே சொல்லுதே. போனைக் கொடுங்க, நான் வீடியோ எடுக்கிறேன். நீங்களே குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடுங்க, ஊரே நம்பும்.”

வைத்தியத்துக்குக் காத்திருந்த நாங்கள் கைதட்டினோம். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை, குனிந்துவிட்டார். கோட்டு மேலேற, உள்ளேயிருந்து இடுப்புவலிப் பட்டை எட்டிப் பார்த்தது. மருந்துக்கடையில் அதை வாங்கி வந்ததே ஜெசிந்தாதானாம்!

குனிந்தவர் நிமிரவில்லை. நாங்கள் சுவரிலிருந்த ‘ஒரே தடவையில் நிவாரணம்’ போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஐயோ, யாராவது வந்து என்னை நிமிர்த்திவிடுங்களேன்!”