ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கிய கதை

விலங்குகளும் பறவைகளும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கருமணலாற்றின் இரு கரைகளிலும் இரண்டு நாடுகள் இருந்தன. வடகரை முழுக்கப் புல்வெளி, வெளிமான்களின் நாடு. தென்கரை ஈச்சம்புதர்க் காடு, காட்டுப்பன்றிகளின் நாடு. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஒருவருக்கு ஒருவர் நினைவே வருவதில்லை. கோடை வந்தால்தான் அக்கரையில் ஆள் இருப்பது தேவைப்படும்.

கோடையில் ஆறு வெறும் மணலாகிவிடும். தண்ணீர் மணலுக்கு அடியில் கிடக்கும். பன்றிகளுக்குத் தோண்ட மூக்கு இருந்தது, தூரத்தில் வரும் சிறுத்தையைப் பார்க்கும் அளவுக்குக் கண் இல்லை. மான்களுக்குக் கண் இருந்தது, தோண்ட மூக்கு இல்லை. ஆற்றின் நடுவில், இரண்டு பாறைகளுக்கு இடையில், பன்றிகள் ஊற்றுத் தோண்டின. அவை குடித்து முடிக்கும்வரை மான்கள் காவல் நின்றன. பிறகு மான்கள் குடித்தன, பன்றிகள் சுற்றி நின்றன.

அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாட்டார் குடிக்கும்போது மறு நாட்டார் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்கிறவர் தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்த கழுத்தைக் காக்க முடியாது. ஆகவே அண்டை நாட்டாரின் குனிந்த கழுத்தை யாரும் பார்க்கக்கூடாது. இதை யார் வகுத்தார்கள் என்று இரு கரையிலும் தெரியாது. ஆனால் யாரும் மீறியதில்லை.

இரு நாடுகளுக்கும் பொதுவாக ஓர் ஆள்காட்டிப் பறவையும் இருந்தது. பெயர் செங்கண்ணி. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தோல்மடிப்பு, நீண்ட மஞ்சள் கால்கள். அந்தக் காலத்தில் ஆள்காட்டிகளும் மற்றப் பறவைகளைப் போல மரத்தில்தான் கூடு கட்டின. வடகரையில் நின்ற பெரிய மருதமரத்தின் உச்சிக் கிளையில் செங்கண்ணியும் அவள் கணவன் நெட்டைக்காலனும் குடியிருந்தார்கள். எந்தக் கரையிலிருந்து யார் ஆற்றுமணலில் கால் வைத்தாலும் அவள் உரக்கக் கூவிச் சொல்ல வேண்டும். இரு நாடும் கேட்டுக்கொண்டு கொடுத்த வேலை அது. அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

ஒரு கோடையில், மான்கள் குடித்துக்கொண்டிருந்தபோது, முதுகு காட்டி நின்ற ஓர் இளம்பன்றியின் பின்தொடையில் குளவி கொட்டியது. வலி தாங்காமல் அது சட்டென்று திரும்பிவிட்டது. அதே நொடியில் மான்களின் தலைவர் முறுக்கன் தலை நிமிர்ந்தார். தம் கூட்டத்தின் கழுத்துகளை ஒரு பன்றி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

மறுநாள் வடகரை விளக்கம் கேட்டது. குளவி கொட்டியது என்று தென்கரை பதில் சொன்னது. நாங்கள் எந்தக் குளவியையும் பார்க்கவில்லை என்றது வடகரை. குனிந்திருந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பீர்கள் என்று தென்கரை திருப்பிக் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். கேட்ட விதம் நியாயமாக இல்லை.

செங்கண்ணி மரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். குளவி வந்தது உண்மை என்று முறுக்கனிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் மரத்தில் இருந்துகொண்டு அவர்களுக்காகப் பேசுகிறாளே என்று மான்கள் முணுமுணுத்தன. சில நாள் கழித்து, கொம்பு அரித்த மான்கள் வேலமரத்தில் உரசிக்கொண்டன. வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் அந்தச் சத்தம் தென்கரையில் கொம்பு தீட்டுவதுபோலக் கேட்டது. அது வெறும் அரிப்பு என்று செங்கண்ணி பறந்து போய்ச் சொன்னாள். பன்றிகளின் தலைவர் கோரையன் சிரித்தார்.

“நீ படுக்கிற மரம் எது தங்கச்சி?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

சொல்வது உண்மையா என்று பார்ப்பதை விட்டுவிட்டுச் சொல்கிறவரின் வீடு எங்கே என்று பார்க்கும் பழக்கம் அந்தக் கோடையில்தான் தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா, சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோடையில் அது எல்லாருக்கும் கைவந்துவிட்டது.

பிறகு பன்றிகள் பாறையில் பல்லைத் தீட்டத் தொடங்கின. தற்காப்புக்கு என்றார்கள். மான்கள் கரையோரம் வரிசையாக ஓடிப் பழகின. பயிற்சி என்றார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தங்கியிருந்த அயல்நாட்டுத் தூதரை ஊருக்குப் போகச் சொன்னார்கள். தென்கரையில் இருந்த மான் தூதர் அங்கே கிழங்கு தின்று பழகி, வயிறு பருத்து, கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தவர். ஆற்றைக் கடக்கும்போது அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தார். வெப்பம் அதிகம் என்று காரணம் சொன்னார்.

அதுவரை இரு கரையாரும் ஒருவரை ஒருவர் ‘மச்சான்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல் மெல்ல நின்றது. ‘அக்கரையார்’ என்ற சொல் வந்தது.

மான்கள் தொலைவில் போய் நின்றால்தான் தோண்டுவோம் என்றன பன்றிகள். பன்றிகள் கரையேறிப் போனால்தான் குடிக்க வருவோம் என்றன மான்கள். யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை. ஊற்றை ஒருவரும் மூடவில்லை. காற்றில் மணல் சரிந்து சரிந்து அது தானே தூர்ந்துபோனது. குட்டிகள் காலையில் புல்லிலும் இலையிலும் பனியை நக்கின. வெயில் ஏறினால் அதுவும் இல்லை.

இந்த நேரத்தில் செங்கண்ணியின் வயிற்றில் முட்டை இருந்தது. மருதமரத்தில் கூடு தயாராக இருந்தது.

ஒரு மாலை முறுக்கன் மரத்தடிக்கு வந்தார். புல்வெளியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். அக்கரையார் எப்போது வேண்டுமானாலும் தொடங்குவார்கள், நாங்கள் ஒருநாளும் தொடங்க மாட்டோம், அதனால் முன்கூட்டியே போய் ஊற்றுப் பாறையைப் பிடித்துக்கொள்வதுதான் அமைதிக்கு நல்லது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கு விடியக்காலம் நீ கொஞ்சம் கண்ணசந்துட்டாப் போதும்மா. கூடு எங்க மரத்துல இருக்கு. நான் சொல்ல வேண்டியதில்ல.”

அவர் போன பிறகு செங்கண்ணி மணலில் இறங்கி நடந்தாள். யோசிக்க வேண்டியிருந்தால் அவள் நடப்பாள். தென்கரைப் புதரிலிருந்து கோரையன் கூப்பிட்டார். அவரும் அதையே சொன்னார். அக்கரையார்தான் தொடங்குவார்கள், நாங்கள் தொடங்க மாட்டோம், அதனால் நாளை விடியலில் முந்திக்கொள்ளப் போகிறோம்.

“உனக்கு ஒரு நாள் தொண்ட கட்டிக்கட்டும் தங்கச்சி,” என்றார். “மரம் போனாப் போவுது. எங்க காட்டுல இல்லாத மரமா?”

அவள் மரத்துக்குத் திரும்பி நெட்டைக்காலனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டு முடித்ததும் இறகை உதறினான்.

“கிளம்பு புள்ள. உலகத்துல வேற ஏரியே இல்லையா?”

“முட்டை நாளைக்கு மேல தாங்காது. அதைச் சுமந்துக்கிட்டு எங்க பறக்கறது?”

“அப்ப கூட்டுல இட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இரு. ரெண்டு பேரும் அதைத்தான கேக்கறாங்க? ரெண்டு நாடும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.”

“வாயை மூடினா ரெண்டு படையும் இருட்டுல முட்டிக்கும்.”

“கூவினா மட்டும்? நம்புவாங்களா?”

அவன் சொன்னது சரி. மரத்திலிருந்து எதைக் கூவினாலும் மரம்தான் கூவுகிறது என்பார்கள். தென்கரை மரத்துக்கு மாறினால் அந்த மரம் கூவுகிறது என்பார்கள். எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் அந்தக் கிளை யாருடையதோ ஆகிவிடுகிறது. அவளுக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு தெளிவாகிவிட்டது. தெளிவானதும் பயம் எங்கே போனது என்று அவளே தேடவில்லை.

கிழக்கு வெளுக்கும் முன் அவள் இறங்கினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஊற்றுத் தூர்ந்த பள்ளத்தில், பழைய குளம்புத் தடம் ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். புல் இல்லை, சுள்ளி இல்லை. மண் நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு ஒரு முட்டை இட்டாள்.

வடக்கே மணல் நெரிபட்டது. தெற்கேயும் நெரிபட்டது. அவள் எழுந்து நின்று தொண்டை கிழியக் கூவினாள். வடக்கே பார்த்து மான்கள் வருகின்றன என்றாள், தெற்கே பார்த்துப் பன்றிகள் வருகின்றன என்றாள். ஒளிந்து வந்த இரு படையும் அப்படியே நின்றன. வெளிச்சம் வந்தபோது, பாறைகளுக்கு இந்தப் பக்கம் கொம்புகள், அந்தப் பக்கம் கோரைப்பற்கள். நடுவில் ஒரு பறவை.

“அங்க என்ன பண்ற?” என்றார் முறுக்கன்.

“முட்டை இட்டிருக்கேன்.”

“ஆத்துலயா? மரம் என்ன ஆச்சு?”

“அது உங்க மரம். நீங்கதான சொன்னீங்க.” அவள் தெற்கே திரும்பினாள். “நான் எங்க படுக்கறேன்னு கேட்டீங்களே அண்ணே. இங்கதான். இனிமே எப்பவும் இங்கதான்.”

கோரையன் அவள் காலடியில் கிடந்த முட்டையைப் பார்த்தார்.

“நேத்து ரெண்டு பேரும் ஒரே பேச்சுத்தான் பேசினீங்க. நாங்க தொடங்க மாட்டோம், அவங்கதான் தொடங்குவாங்கன்னு. நல்லதாப் போச்சு. யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க கால்ல இந்த முட்டை ஒட்டியிருக்கும். யாரு தொடங்கினதுன்னு அப்புறம் ஒருத்தரையும் விசாரிக்க வேண்டியதில்ல. என்னையும் நம்ப வேண்டாம். காலைப் பார்த்தாப் போதும்.”

சுற்றிப் போனால் என்ன என்று பின்வரிசையில் ஒரு பன்றி கேட்டது. பிடிக்க வந்ததே அந்தப் பள்ளத்தைத்தான், பாறைகளுக்கு நடுவே கூட்டமாகச் சுற்றிப் போக இடம் ஏது என்று பக்கத்துப் பன்றியே அதை அடக்கியது. இரு தலைவர்களும் தத்தம் மக்களுக்கு ஒரே வாக்கைக் கொடுத்திருந்தார்கள். தொடங்குகிறவர் நாமாக இருக்க மாட்டோம் என்ற வாக்கு. இப்போது அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

நின்றார்கள். வெயில் ஏறியது. மணல் சுட்டது. செங்கண்ணி முட்டைக்கு மேல் இறகை விரித்து நிழல் கொடுத்தாள். அவள் கால் தளர்ந்தபோது நெட்டைக்காலன் வந்து நின்றான். புலம்பிக்கொண்டுதான் வந்தான், ஆனால் வந்தான். அவன் தளர்ந்தபோது மறுபடி அவள். அவள் அலகு திறந்தபடியே இருந்தது.

“நிழல் பத்தாது,” என்றாள் கடைசியில். “தண்ணி வேணும். இல்லாட்டி வெந்துடும். எனக்குத் தோண்டத் தெரியாது.”

யாரும் அசையவில்லை. யாரும் மிதிக்காமலே அந்த முட்டை செத்துப்போனால் அதைத் தொடங்கியது யார்? முறுக்கனுக்கு அந்தக் கேள்வி வந்தது. எங்கோ ஒரு குட்டி தாகத்தில் சிணுங்கியது. அது எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று கோரையன் காது கொடுத்துப் பார்த்தார். தெரியவில்லை.

கோரையன் முன்னால் வந்தார். மான்கள் கொம்பைத் தாழ்த்தின. அவர் ஒவ்வொரு காலாக, பார்த்துப் பார்த்து வைத்தார். முட்டைக்குப் பக்கத்தில் முன்கால்களை மடித்து மண்டியிட்டார். தோண்ட வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும். அவருடைய தடித்த கழுத்துக்கு நேர் எதிரே முறுக்கனின் கொம்புகள் இருந்தன.

“மச்சான்,” என்றார் கோரையன். “திரும்பி நில்லு.”

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. முறுக்கன் அவரையே பார்த்தார். திரும்பினால் ஒரு படை முழுவதற்கும் முதுகு காட்ட வேண்டும். பின்னால் இருந்த இளமான்கள் மூச்சு விடவில்லை. அவர் மெதுவாகக் கொம்பை உயர்த்தினார். திரும்பி நின்றார்.

அவருக்குப் பின்னால் மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அதைக் கண்ட பன்றிகளும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கரைப் பக்கமாகத் திரும்பின. ஆற்றுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. மூக்கு மணலைக் கிளறும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் அதுவே கேட்டது. பிறகு அந்தச் சத்தம் மாறியது. ஈரமண் சத்தம். அதன் பிறகு தண்ணீர். முதுகு காட்டி நின்றவர்களுக்கு அது மிகப் பெரிய சத்தமாகக் கேட்டது.

செங்கண்ணி ஊற்றில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. குளவி வந்ததா இல்லையா என்று வெகுகாலம் வாதாடினார்கள். ஆனால் ஒருவருக்கு ஒருவர் முதுகு காட்டி நின்று வாதாடினார்கள், குடித்துக்கொண்டே வாதாடினார்கள். தூதர்கள் மறுபடி தங்கள் பழைய இடங்களுக்கே, அக்கரைக்குப் போனார்கள். வயிறு பருத்த மான் தூதரை யாரும் கிளம்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முட்டை பொரிந்தது. மருதமரத்தை இனி உன் மரமாகவே வைத்துக்கொள் என்று முறுக்கன் சொல்லிப் பார்த்தார். செங்கண்ணி வேண்டாம் என்றுவிட்டாள். அவளும் அவள் பிள்ளைகளும் கிளையைத் தேடவே இல்லை. கிளையைப் பற்றிக்கொள்ளும் பின்விரல் வேலையில்லாமல் சிறுத்துச் சிறுத்துப் பெயருக்கு ஒன்று மிஞ்சியது.

ஆள்காட்டி மரத்தில் அடையாமல், யாருடைய கரையுமல்லாத வெட்டவெளியில் வெறும் தரையில் முட்டையிடுவதும், வெயிலில் வயிற்றை நனைத்துவந்து அதைக் காப்பதும், வருகிறவர் எந்தப் பக்கத்தவர் என்று பாராமல் எல்லாரையும் கூவிச் சொல்வதும் அன்றையிலிருந்துதான்.