கண்ணாடியில் எழுதிய கார்

கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடம். அங்கே மில் முதலாளி பொன்னுரங்கத்தின் புதுச் சிவப்புக் காருக்குப் பக்கத்தில், லேத் பட்டறை மயிலாத்தாள் தன் பழைய பியட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

முதலாளிக்கு அதுவே அவமானமாக இருந்தது. "இந்தத் தகரடப்பா தோத்துதுன்னா இனி இந்தப் பக்கமே கொண்டாரக் கூடாது."

"சரீங்க. நீங்க தோத்தா இதைப் பட்டறை வரைக்கும் தள்ளி விடோணும்."

அந்தத் தடத்தில் ஒரு வழக்கம். கால் மைல் ஓட எத்தனை நொடி ஆகும் என்று அவரவரே முன்கண்ணாடியில் சுண்ணாம்பால் எழுதவேண்டும். இரண்டுக்கும் எத்தனை நொடி வித்தியாசமோ, மெதுவான வண்டி அத்தனை நொடி முன்னதாகக் கிளம்பும். எழுதியதைவிடச் சீக்கிரம் வந்தாலும் தோல்விதான்.

மயிலாத்தாள் இருபத்துநாலு என்று எழுதினாள். "நீங்க பதினாலு போட்டுக்குங்க, போதும்," என்றாள்.

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பன்னிரண்டு என்று பெரிதாக எழுதினார்.

பியட் கடகடத்துக்கொண்டு போனது. பன்னிரண்டு நொடி கழித்து முதலாளி பறந்தார். ஆனால் பியட் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது அவர் இன்னும் பின்னால்தான் இருந்தார்.

முதலாளி காரைவிட்டு இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், பியட்டைப் பார்த்தார். "வேகமா வந்தது நானு. அப்புறம் எப்படி நான் தோத்தேன்?"

"உங்க காரு தோக்கலீங்க. நான் சொன்னாப்புல பதினாலுல வந்துருச்சு. நீங்க கண்ணாடியில எழுதினீங்களே, அந்தக் காருதான் இன்னும் வந்து சேரலீங்க."

சொல்லிவிட்டு மயிலாத்தாள் பியட்டில் ஏறி உட்கார்ந்து, கியரை நியூட்ரலில் போட்டாள்.