அளவுக்குப் போன ரேம்

தூத்துக்குடியில் டெல்வின் என்ற இளைஞனின் மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கேம் ஆடுவதற்கென்றே ஒரு காலத்தில் ஆசை ஆசையாய் வாங்கிய கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. பிராசசருக்கு எல்லாம் உடனே வேண்டும். ஃபேனுக்கு வாய் ஓயாது. எல்லோரையும் தாங்குகிறவள் மதர்போர்டு. அவள் மடியில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தது ரேம். பக்கத்து இடம் வாங்கின நாள் முதல் காலி.

ஆட்டம் ஓடும்போது பிராசசர் கேட்பதையெல்லாம் கையில் வைத்திருந்து எடுத்து நீட்டுவது ரேமின் வேலை. கரண்டு போனால் எல்லாம் மறந்துவிடும். அது அதன் பிறவிக் குணம்.

டெல்வின் புதிதாக ஒரு கேம் ஏற்றினான். வந்தது வினை.

"மலையைப் பிடி! காட்டைப் பிடி! துப்பாக்கியோட ஒருத்தன் வாறான், அவனையும் பிடி!" என்று கத்தினார் பிராசசர்.

"எங்க வச்சுப் பிடிக்க? கையில இடமில்லவே!" என்றது ரேம்.

திரை அப்படியே உறைந்து நின்றது. கூட ஆடிய நண்பர்கள் ஹெட்போனில் ஏசினார்கள். "ஞாயித்துக்கிழமை போட்டியிலயும் இப்படி நின்னுச்சுன்னா, உனக்குப் பதிலா வேற ஆளைச் சேர்த்துக்கிடுவோம்."

டெல்வினுக்கு முகம் சுண்டிப் போனது. "இந்தப் பழைய ரேமைத் தூக்கிப் போட்டாத்தான் உருப்படும்" என்று கம்ப்யூட்டரை அணைத்தான்.

வழக்கம்போல் ரேமுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அந்த ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் டெல்வின் புது ரேமோடு வந்தான். கடையில் எதன்மேல் பெரிய எண் போட்டிருந்ததோ அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். உடம்பெல்லாம் விளக்கு வைத்த ரேம் அது.

"தள்ளி உக்காரும் பெருசு. நான் அஞ்சாம் தலைமுறை. நீர் மூணு. உம்ம வேலையைக் கொட்டாவி விட்டுக்கிட்டே பாப்பேன்" என்றது புதுசு.

சொல்லிவிட்டுக் காலியிடத்தில் உட்காரப் பார்த்தது. முடியவில்லை. ஒவ்வொரு தலைமுறை ரேமுக்கும் அடியில் ஒரு வெட்டு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்தில். இருக்கையின் மேடு அந்த வெட்டில் பொருந்த வேண்டும். பொருந்தாததை டெல்வின் பலம்கொண்ட மட்டும் அமுக்கினான்.

"ஐயோ, முதுகு போச்சே!" என்று அலறினாள் மதர்போர்டு.

அடுத்த அறையிலிருந்து டெல்வினின் அக்கா ஜெசிந்தா வந்தாள். "ஏல, என்னத்தப் போட்டு நசுக்குத?"

"உள்ள போக மாட்டேங்குதுக்கா. இதான் கடையிலயே பெருசு."

"பழசைக் காட்டி வாங்கினியா?"

"தூக்கிப் போடப் போறதை எதுக்குக் காட்டணும்?"

"பிளவுஸ் துணி எடுக்கப் போனாக்கூட நான் சேலையைக் கையோட கொண்டு போவேன். நீ வெறுங்கைய வீசிட்டுப் போயிருக்க. அதைக் கழத்திக் கொண்டுபோய்க் காட்டுல!"

சேலையை ரேம் எங்கே கண்டது? கழற்றுகிறார்கள் என்பது மட்டும் அதற்குப் புரிந்தது. அதற்கு உயிரே போய்விட்டது.

"நீ போயிட்டா நான் இனி யாரை வையுறது?" என்றார் பிராசசர். ஃபேன்கூட வாயை மூடிக்கொண்டது.

கடைக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி, ரேமைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து அழிரப்பரை எடுத்தார். கதை முடிந்தது என்று ரேம் கண்ணை மூடிக்கொண்டது. அவரோ அதன் பொன்னிறப் பற்களை அழுக்குப் போகத் தேய்த்துவிட்டார்.

"நல்லாத்தான தம்பி இருக்கு! பாவம், ஒத்தையா எவ்வளவுதான் தாங்கும்? இதே தலைமுறையில துணைக்கு ஒண்ணு போட்டாப் போதும்." டிராயரைக் குடைந்து தூசி படிந்த ஒரு ரேமை எடுத்தார். "இது கொஞ்சம் வேகம் கூட. ஆனா சேர்த்துப் போட்டா, பழசோட வேகத்துக்கு இறங்கி வந்துரும்."

டெல்வின் திருப்பிக் கொடுத்ததில் மறுபடி அலமாரிக்குப் போன விளக்கு ரேம் சிரித்தது. "ஓடத் தெரிஞ்சவன் எதுக்குவே இறங்கணும்?"

"டிராயருக்குள்ள நான் எந்த வேகத்துல ஓடினேன்?" என்றது தூசி ரேம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"மலை!"

"இந்தா."

"காடு!"

"என்கிட்ட இருக்கு அண்ணே, நீங்க ஆளைப் பிடிங்க" என்றது தூசி ரேம்.

கேட்டதெல்லாம் உடனுக்குடன் கைக்கு வர, வைவதற்கு ஒன்றுமில்லாமல் பிராசசர் திண்டாடினார். திரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டெல்வினின் அணி ஜெயித்தது.

"எப்படில?" என்றார்கள் நண்பர்கள்.

"புது ரேம் போட்டேன்லா!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் டெல்வின்.

துணைக்கு வந்த ரேமுக்குக் கூச்சமாகிவிட்டது. "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே."

"சொல்லாட்டிப் போறான். தூக்கிப் போடணும்னு சொன்னவன்தான், உன்னைத் தேட என்னைக் கையோட கொண்டு போனான்" என்றது பழைய ரேம்.