குளத்துக்குப் போகாத மைனா டீச்சர்

அத்திமரக் காட்டில் ஒரு மைனா இருந்தது. முயல் குட்டிகளுக்கெல்லாம் அதுதான் டீச்சர். நரி வந்தால் எப்படிக் கத்துவேன், பருந்து வந்தால் எப்படிக் கத்துவேன், கேட்டதும் எந்த வளைக்குள் ஓட வேண்டும் என்று காலையிலிருந்து மாலை வரை தொண்டை கிழியச் சொல்லிக் கொடுக்கும். குட்டிகள் மேயும்போது கிளையில் காவலும் அதுதான்.

பிள்ளைகளை விட்டு ஒரு நிமிடம் நகராது. தண்ணீர் குடிக்கக்கூடக் குளத்துக்குப் போகாது. மத்தியானப் பழம் தொடாமலே காய்ந்து கிடக்கும். அதில் மைனாவுக்குக் கொஞ்சம் பெருமை வேறு!

இந்தப் பெருமையை ஒரு நரி மோப்பம் பிடித்துவிட்டது. தினமும் தூரத்தில் நின்று பெரிய கும்பிடாகப் போட்டது.

"டீச்சரம்மா! இன்னைக்கும் தண்ணி குடிக்கலையா? டீச்சர்னா நீங்கதான்! அந்தத் தவளை வாத்தியாரும் இருக்காரே, மத்தியானம் ஆனா குளத்துல மல்லாந்து கிடக்குறாரு!"

மைனாவுக்கு உச்சி குளிர்ந்தது. முயல் தின்னும் நரி, முயல்களின் டீச்சரை ஏன் புகழ வேண்டும்? புகழ்ச்சி காதில் விழும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்! மறுநாளிலிருந்து மைனா காலைப் பழத்தையும் விட்டுவிட்டது.

ஒருநாள் பாடம் நடத்த வாயைத் திறந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"கேக்கலை டீச்சர்!" என்றன குட்டிகள்.

மைனா சட்டென்று புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. இப்போது நரி பாய்ந்தால் இந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

நீச்சல் வாத்தியார் தவளை தத்தித் தத்தி வந்தது.

"டீச்சர், என்னைச் சோம்பேறின்னு பேசுறது எனக்கும் தெரியும். குளத்துல இறங்கலைன்னா என் தோல் காஞ்சிடும். அப்புறம் நான் யாருக்கு நீச்சல் சொல்லித் தர்றது? உங்க தொண்டையும் அப்படித்தான். போய்த் தண்ணி குடிங்க, வயிறாரச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க!"

"பிள்ளைங்க?" என்று மைனா கிசுகிசுத்தது.

"வளைக்குள்ள உக்கார வச்சு நான் பாத்துக்குறேன். நாலு நாள்ல யாரும் முட்டாளாயிட மாட்டாங்க!"

மைனா அரை மனதோடுதான் போனது. முதல் வாய்த் தண்ணீர் உள்ளே இறங்கியதும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் தாகம் அது! பிறகு பழம், பிறகு இலை மறைவில் ஒரு தூக்கம் என்று நாலு நாளும் கழிந்தன.

மைனாவுக்குக் குரல் போன செய்தி நரிக்கு எட்டியிருந்தது. திரும்பி வந்த செய்தி எட்டவில்லை. ஐந்தாம் நாள் குட்டிகள் மேய வந்தன. நரி ஒளியக்கூட இல்லை. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நேராக நடந்து வந்தது.

"வணக்கம் டீச்சரம்மா! எங்க, கொஞ்சம் கத்துங்க பாப்போம்!"

மைனா கத்தியது. காடே அதிரக் கத்தியது! கண் மூடித் திறப்பதற்குள் குட்டிகள் அத்தனையும் வளைக்குள். பாய்ந்த நரி முள் புதரில் தலைகுப்புற விழுந்தது. சத்தம் கேட்டு வந்த மந்திகள் அத்திக்காயால் அடித்து அதைக் காட்டின் எல்லை வரை துரத்தின.

மைனா குட்டிகளை எண்ணிப் பார்த்தது. ஒன்றுகூடக் குறையவில்லை! சந்தோஷத்தில் அதன் சிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் பாடத்தைப் பாதியில் அப்படியே நிறுத்திவிட்டுக் குட்டிகளை வளைக்குள் அனுப்பியது.

"மீதி அப்புறம்! டீச்சர் சாப்பிடப் போறேன்!" என்று தலை நிமிர்ந்து பறந்தது.

தன் உடலைப் பேணும் ஆசிரியரால்தான் தன் மாணவர்களைக் காக்க முடியும்.